பச்சைக் கண்ணாடிப் பிள்ளையார்

“மிசிஸ், அதைக் குடிக்க வேண்டாம்.”

ரெஜ் இதைச் சொன்னபோது தீர்த்தம் என் உள்ளங்கையில் இருந்தது. வாய்க்கும் கைக்கும் இடையில் ஒரு சாண்தான் மிச்சம்.

ஸ்பிரிங்வேலில் எங்கள் வீட்டு முன்னறை. வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே சாம்பிராணிப் புகையும் அவித்த கடலை மணமும். நிலத்தில் விரித்த படுக்கை விரிப்பில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பால்காரன் காலையில் வாசலில் வைத்துவிட்டுப் போன போத்தல் பாலைப் பிள்ளையாருக்கு ஊற்றி முடித்திருந்தார். ஊற்றிய பாலைக் கிண்ணத்தில் பிடித்து, முதல் கரண்டி எனக்கு. நான் ஆறு மாதக் கர்ப்பிணி என்பதால் எப்போதும் எனக்குத்தான் முதல் கரண்டி.

ரெஜ் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையில் தொப்பி, மற்றக் கையில் பழுப்புக் கடதாசியில் சுற்றிய பியர் போத்தல். பூசைக்குக் கூப்பிட்டாலும் ஆஸ்திரேலியன் பியரோடுதான் வருவான் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. அவருடைய முகம் எப்போதும் அவித்த பீட்ரூட் போலச் சிவந்திருக்கும். அன்று வெளுத்துப்போயிருந்தது.

என் பக்கத்தில் இருந்த இராசம்மா அன்ரி, வெள்ளைக்காரனுக்குத் தீர்த்தத்தைப் பற்றி என்ன தெரியும், நீ குடி பிள்ளை என்று முழங்கையால் இடித்தார். நான் குடிக்கவில்லை. பக்திக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரின் முகத்தில் இருந்த பயம் எனக்குப் பிடிக்கவில்லை.

போன கிழமை நான் எழுதிய கத்தரி விதைக் கதையைப் படித்துவிட்டு ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்கள் எழுதிறதில பாதி பொய்தானே அன்ரி?” என்று கேட்டார். பாதி இல்லை மகனே, தாளிதம் மட்டும்தான் என்றேன். இன்றைக்கு அதுவும் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் வெள்ளைக்காரர் ரெஜ் இங்கிலீசில்தான் பேசினார். டொரீன் என்ற என் சிநேகிதியும் அப்படித்தான். என்றாலும் என் ஞாபகத்தில் அவர்கள் எல்லோரும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கோயில் இல்லாத ஊர்

எழுபதுகளின் பின்பாதி. மெல்பேர்னில் அப்போது எங்களுக்கென்று ஒரு கோயில் கிடையாது. இன்றைக்கு நம்மவர்கள் மாடி வீடு கட்டி, இரண்டு கார் நிறுத்தி, அயலவனோடு வேலிச் சண்டை பிடிக்கும் ரோவிலில் அப்போது மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தமிழ்க் குடும்பங்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். ஏற்றினாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதிரை யாருக்கு என்று தகராறு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடித் தேவாரம் பாடுவோம். கும்பிடுவதற்குக் கலண்டர்ப் படங்கள்தான். விக்கிரகம் ஒன்றுமில்லை. இராசம்மா அன்ரி ஒருவர்தான் வெண்கல விளக்கைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்த ஒரு விளக்கின் பலத்தில் எங்கள் எல்லோருக்கும் அவரே தலைவி.

என் கணவர் சிவநேசன் அரசாங்கத் தண்ணீர்ப் பகுதியில் பொறியியலாளர். நில அளவை வேலைக்குப் போகும்போது அளவுகோலைத் தூக்கிப் பிடிக்கும் ஆள்தான் ரெஜ். இருவருக்கும் எப்படி ஒட்டியது என்று கேட்காதீர்கள். இவர் பொரித்த மிளகாயோடு தயிர்ச்சோறு சாப்பிடுவார், அவர் ஆட்டிறைச்சி பை சாப்பிடுவார், இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் இருந்து மேலதிகாரியைத் திட்டுவார்கள்.

நாங்கள் வீடு வாங்கியபோது ரெஜ் ஒரு பரிசு கொண்டுவந்தார். பழைய பேப்பரில் சுற்றியது. தன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் பல வருடமாக இருந்ததாம். எறி எறி என்று மனைவி கரைச்சல் கொடுத்தாளாம். எறிய மனமில்லை, உங்கள் புது வீட்டில் இருக்கட்டும் என்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டோம். பாலைவனத்தில், பட்டாளத்தில் இருந்த காலத்தில் என்றார். அதற்குமேல் கேட்டபோது தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்துப் பார்த்தால் ஒரு கண்ணாடிக் கட்டி. உள்ளங்கையில் அடங்கும். பச்சைப் போத்தல் நிறம். மேலே கொப்புளம் கொப்புளமாக இருந்தது, அடியில் சிவப்பு மணல் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் உருகி வழிந்து, வளைந்து, அப்படியே இறுகிப்போயிருந்தது.

என் கணவர் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

“பரமேஸ், இஞ்ச வந்து பாரும். தும்பிக்கை,” என்று என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையார் கிடைக்கப் பெரிய சிற்பி தேவையில்லை. மஞ்சளைக் குழைத்து ஒரு பிடி, சாணியில் ஒரு பிடி, உச்சியில் இரண்டு அறுகம்புல். முடிந்தது காரியம். பிடித்து வைத்ததெல்லாம் பிள்ளையார். அப்படியிருக்க, தும்பிக்கையோடேயே ஒருவர் பாலைவனத்தில் இருந்து வந்து இறங்கினால் விடுவார்களா? மனிசக் கை படாதது, சுயம்பு, என்று இவர் சத்தியம் செய்தார். மனிதக் கை எவ்வளவு பட்டிருந்தது என்பது பிறகல்லவா தெரிந்தது!

வரம் கொடுத்தவர்

கல்யாணமாகி ஏழு வருடமாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. நேர்த்தி வைத்தாயிற்று, விரதம் பிடித்தாயிற்று, கொழும்பில் பெரிய டாக்டருக்கும் அழுதாயிற்று. சுயம்பு வந்து நாலாம் மாதம் எனக்குச் சத்தி எடுக்கத் தொடங்கியது.

இதற்கு என்னிடம் வேறொரு விளக்கம் இருந்தது. கொழும்பில் எங்கள் அறைக்கும் மாமியாரின் அறைக்கும் நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு. மாமியாருக்கோ இரவு முழுக்க இருமல். ஸ்பிரிங்வேல் வீட்டில் படுக்கையறைக்குக் கதவும் இருந்தது, கதவுக்குப் பூட்டும் இருந்தது. இதை நான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? பேசாமல் பிள்ளையாருக்கே பெருமையை விட்டுக்கொடுத்தேன்.

அதன்பிறகு அவருடைய பேர் பரவியது. கார் ஓட்டும் பரீட்சையில் பல தரம் விழுந்த ஒருவர் மோதகம் நேர்ந்துவிட்டுப் போய்ப் பாஸ் பண்ணினார். நிரந்தர விசாவுக்காகக் காத்திருந்த மாணவன் ஒருவனுக்குப் பிள்ளையாருக்குப் பூப் போட்ட அடுத்த கிழமையே விசா வந்தது. சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருந்த தம்பதி நாள் முழுக்கக் கார் ஓட்டி வந்து, பிள்ளையாரை ஒரு மாதத்துக்குத் தரும்படி கேட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளையாரை வாடகைக்கு விடுவதில்லை என்று இவர் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் தேத்தண்ணீர்ப் பிளாஸ்க் நிறையத் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அது சிட்னி போய்ச் சேர முன்னர் தயிராகியிருக்கும் என்பது என் கணிப்பு.

நான் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியை. இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் கையை நீட்டித் தீர்த்தம் குடித்தேன். ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு ஒரு கல்லைக்கூடப் பகைத்துக்கொள்ளத் துணிவு வராது. பயம்தான், வேறொன்றுமில்லை.

ரெஜ் வாய் திறந்தார்

சரி, கையில் தீர்த்தத்தோடு என்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். திரும்பி வருகிறேன்.

ரெஜ் உள்ளே வந்து, சப்பாத்தோடேயே விரிப்பில் ஏறி, கிண்ணத்தை என் கணவரின் கையில் இருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. பிறகு கதிரையில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அவர் இளந்தாரியாக இருந்தபோது பட்டாளத்தில் சேர்த்துத் தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கு அனுப்பினார்களாம். பிரிட்டிஷ்காரர் அங்கே அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள். வெடிக்கும்போது முதுகைக் காட்டி நின்று கண்ணைப் பொத்தச் சொன்னார்களாம். பொத்திய கையின் எலும்பு தெரிந்தது என்றார். பிறகு லொறியில் அந்த இடத்துக்குப் போனபோது மணல் உருகிக் கண்ணாடித் தோலாகிக் கிடந்ததாம். நடந்தால் சப்பாத்துக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியதாம். பெடியன்கள் ஆளுக்கொரு துண்டு பொறுக்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்கள். வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவரும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது பத்திரிகைகளில் அந்த இடத்தைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார்கள். அங்கே புதைத்துவிட்டு வந்த நஞ்சு, நோய்ப்பட்ட சிப்பாய்கள். வாசித்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் இருக்கும் கல்லை நினைத்துக்கொண்டிருந்தாராம்.

“அலங்காரத்துக்கு வைக்கத்தான் தந்தனான். நீங்கள் அதைக் குடிப்பியள் எண்டு நான் கண்டனானோ?”

அந்த இடத்தின் பெயர் என்ன என்று கேட்டார் என் கணவர். மரலிங்கா என்றார் ரெஜ். அவ்வளவுதான், இராசம்மா அன்ரி கையெடுத்துக் கும்பிட்டார். பார்த்தீர்களா, அப்பனும் அங்கேதான் இருந்திருக்கிறார் என்றார். உண்மையில் இடி என்று அர்த்தம் வருகிற சொல்லாம் அது. அதுவும் அந்த இடத்து மக்களின் சொல் இல்லை, எங்கேயோ வடக்கில் இருந்து எடுத்து வைத்த பெயர் என்று பிறகு அறிந்தேன். பெயர் வைக்கவும் அவர்களைக் கேட்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்கள். எங்களுக்குக் குண்டு போட்டுப் பிள்ளையார் கிடைத்திருந்தார். நான் எழுந்து போய்க் குசினிக் குழாயில் கையைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். வயிற்றுக்குள் இருந்ததை எப்படிக் கழுவுவது?

பெட்டி பேசியது

அடுத்த நாள் டானியல் வந்தான். மலேசியத் தமிழ்ப் பையன், வேதக்காரன், பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். சாமி கும்பிட மாட்டான், ஆனால் மோதகத்துக்காக எந்த வெள்ளிக்கிழமையும் தவறவிட மாட்டான். கதிரியக்கத்தை அளக்கும் பெட்டி ஒன்றை ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தான். வெள்ளிக்கிழமை வந்த கூட்டத்தைவிடச் சனிக்கிழமைக் கூட்டம் பெரிது.

பெட்டி முதலில் வாசலில் மெதுவாக, எப்போதாவது ஒருதரம் ‘டிக்’ என்றது. எந்த இடத்திலும் இவ்வளவு இருக்கும், இது இயற்கை என்றான் டானியல். பிறகு குழலைப் பிள்ளையாருக்குக் கிட்டக் கொண்டுபோனான். பெட்டி பொரிவிளங்காய்க்கு வறுக்கிற பயறு மாதிரிப் படபடவென்று வெடித்தது.

பெண்கள் பின்வாங்கினார்கள். இராசம்மா அன்ரி மட்டும் முன்னால் வந்தார். பேசுகிறார், என்ன சொல்கிறார் என்று டானியலைக் கேட்டார். தள்ளி நிற்கச் சொல்கிறார் அன்ரி என்றான் அவன். அன்ரி தள்ளி நின்றார்.

கிண்ணம், விரிப்பு, என் கை எல்லாவற்றையும் அளந்தான். பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியில் என் வயிற்றுக்கு நேரே வந்து நின்றுவிட்டான். என் கணவரைப் பார்த்தான். இவர் தலையாட்டினார். அறையில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. ‘டிக்.’ கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டிக்.’ வாசலில் கேட்ட அதே வேகம்.

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, மீதியைக் கேட்டேன்.

“டானியல், உள்ளுக்குப் போனதை இது காட்டுமோ?”

அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “காட்டாதுக்கா. வெளியே வர்றதத்தான் காட்டும். உள்ள கொஞ்சமாப் போயிருந்தா எனக்குத் தெரியாது. ஆபத்து கம்மின்னுதான் நினைக்கிறேன். ஆனா நினைக்கிறேன், அவ்வளவுதான்.”

மூன்று மாதம் அந்த ‘நினைக்கிறேன்’ என்ற சொல்லோடு படுத்தேன், எழும்பினேன். நான் வேலை செய்த ஆஸ்பத்திரி டாக்டர் தோளில் தட்டி, ஈரல் சாப்பிட்டு நன்றாகத் தூங்கு என்றார். கணவரோடு இரண்டு கிழமை பேசவில்லை. இவர் பாவம், நல்லதை நினைத்துத்தான் ஊற்றினார். அது எனக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா?

டொரீன்

ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன வேலை என்று சொல்லவில்லையே. குசினியில் வேலை. என் ஆசிரியர் சான்றிதழை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ஓடுகிற ஒரு பட்டியில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் வரும். நான் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கஸ்டர்ட் வைப்பேன். எனக்கு அடுத்து நின்று பாணும் பட்டரும் வைப்பவள் டொரீன்.

டொரீன் இந்த மண்ணின் பழங்குடிப் பெண். என் வயது. என் செருப்பு, என் கறி மணம், நான் குளிருக்குப் போடும் இரண்டு சுவெட்டர் எல்லாவற்றையும் வைத்து என்னைக் கேலி செய்வாள். நானும் விட மாட்டேன். தன் ஊர் மேற்கே கடற்கரைப் பக்கம் என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை.

பயத்தை அடக்க முடியாமல் ஒருநாள் இந்தப் பிள்ளையார் கதையை அவளிடம் பகிடியாகச் சொன்னேன். பியர் போத்தல்வரைக்கும் சிரித்தாள். பாலைவனம் எது என்று கேட்டாள். சொன்னேன். பாண் எடுக்கும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள். பட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பாண் இல்லாத தட்டுகள் வரிசையாகப் போயின. மேற்பார்வைக்காரி கத்தினாள்.

அது டொரீனின் அம்மாவின் நிலம். நீரூற்றில் இருந்து நீரூற்றுக்கு நடந்து திரிந்த நிலம். குண்டு வெடிக்கப் போகிறார்கள் என்று அவர்களைத் தெற்கே கடற்கரைக்கு ஏற்றி இறக்கினார்களாம். பிறகும் சிலர் வழி தெரிந்த காலால் திரும்பி நடந்தார்கள். எச்சரிக்கைப் பலகைகள் இங்கிலீசில் இருந்தன. அம்மாவுக்கு உடும்பின் காலடி வாசிக்கத் தெரியும், இங்கிலீசு தெரியாது என்றாள்.

“அந்த மண் நஞ்சு எண்டு சொல்லி எங்கட ஆக்களைக் கலைச்சவங்கள். நீங்கள் அதுக்குப் பால் வார்த்துக் குடிச்சிருக்கிறியள்.”

சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் தொற்றியது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, பட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தோம். பாதியில் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பார்க்க வேண்டும், உன் வீட்டுக்கு வரட்டுமா என்றாள்.

அவள் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளையாருக்கு விடை கொடுக்கும் நாள். கதிரியக்கம் வெளியே வராமல் அடைக்க டானியல் ஈயப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தான். கடவுளை எப்படி ஈயத்துக்குள் பூட்டுவது என்று என் கணவருக்குப் பெரிய மனவருத்தம். கடைசியில் வழி கண்டுபிடித்தார். மஞ்சள் பிள்ளையாரைப் பூசை முடிந்ததும் கொஞ்சம் நகர்த்தி வைத்து, உன் இடத்துக்குப் போய்ச் சேர் என்று சொல்லி அனுப்புவது நம் வழக்கம். அனுப்பிவிட்டால் மிஞ்சுவது வெறும் மஞ்சள். அதேபோல் இவரையும் அனுப்பிவிட்டால் மிஞ்சுவது வெறும் கண்ணாடி, பூட்டலாம்.

சமையல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தி, இவர் தழுதழுத்த குரலில் அதைச் சொன்னார். இராசம்மா அன்ரி மூக்கை உறிஞ்சினார்.

டொரீன் கிட்டப் போகவில்லை. தொடவுமில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள். உன் இடத்துக்குத் திரும்பிப் போ என்று சொல்கிறார் என்றேன்.

“அதுக்குப் போகேலாது. எங்களுக்கும்தான் போகேலாது.”

அன்ரிக்கு இங்கிலீசு மட்டுமட்டு. விளங்கியதோ இல்லையோ, ஒரு தட்டில் மோதகம் நிறைய வைத்து டொரீனின் மடியில் கொண்டுபோய் வைத்தார். பூட்டிய கண்ணாடி பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. இன்னும் அங்கே ஏதாவது இறாக்கைத் தட்டில் இருக்கலாம்.

போகும்போது டொரீன் டானியலிடம் தனியாகப் பேசினாள். அந்த அளக்கிற பெட்டியைத் தூரத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாள். அவளுக்கு ஒரு தம்பி பிறந்தானாம். வடக்கே குண்டு வெடித்து, தூசி மேகம் ஒன்று அவர்களை இறக்கிவிட்ட முகாமுக்கு மேலால் போன வருடம். சில கிழமைகள்தான் உயிரோடு இருந்தான். ஏன் என்று அம்மா இன்றுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் சொல்ல ஒருவரும் வந்ததில்லை. உன் பெட்டியோடு வருவாயா என்றாள்.

டானியல் ‘வர்றேன்’ என்றான். பிள்ளை பிறந்ததும் நானும் வருகிறேன் என்றேன். எந்தத் துணிவில் சொன்னேன் என்று தெரியாது. பிறக்கும் பிள்ளையைப் பற்றிய பயமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மேற்கே

மகள் பிறந்தாள். கை, கால், விரல், காது, தொண்டை எல்லாம் இருந்தன. தொண்டை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நான் அழுத அழுகையில் தாதிக்குப் பயம் வந்துவிட்டது. குண்டையே விழுங்கினவர் உன்னைக் கைவிடுவாரோ என்று இராசம்மா அன்ரி பெருமையை மறுபடியும் பிள்ளையாரின் கணக்கில் போட்டார். மகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் கதையைச் சொன்னால், “அம்மா, தட் எக்ஸ்பிளெய்ன்ஸ் எ லொட்” என்று சிரிப்பாள்.

பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் புறப்பட்டோம். ரெஜின் பெரிய கார். யாரும் கேட்காமலே, நான்தான் ஓட்டுவேன் என்று நின்றார். முன்னால் ரெஜ், என் கணவர், மடியில் பெட்டியோடு டானியல். பின்னால் டொரீன், நான், மகள். இவர் கட்டிக்கொண்டுவந்த புளிச்சாதம் முதல் நாளே முடிந்தது. ரெஜ் போகும் வழியெல்லாம் பாட்டுப் பாடினார். மரங்கள் குறையக் குறையப் பாட்டும் குறைந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தோம்.

டொரீனின் அம்மா சின்ன உருவம். அந்த வெயிலிலும் தலையில் பின்னிய கம்பளித் தொப்பி. தகர வீடு, சுற்றிவர நாய்கள். யாரையும் கேட்காமல் என் கையில் இருந்து மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்நிய முகம் கண்டால் ஊரைக் கூட்டுகிற என் மகள், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ரெஜ் காரைவிட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். அவர் யார், ஏன் இறங்கவில்லை என்று டொரீன் அம்மாவுக்குத் தங்கள் பாஷையில் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் காரைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணீர்க் கோப்பை ஒன்றை டொரீனிடம் கொடுத்து அனுப்பினார். ரெஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

டானியல் வீட்டை அளந்தான், தண்ணீர்த் தொட்டியை அளந்தான். எல்லாம் வழக்கம் போல. அம்மா நடக்கத் தொடங்கினார், நாங்கள் பின்னால் போனோம். கொஞ்சத் தூரத்தில் மணல்மேட்டுக்குக் கீழே கற்கள் வைத்த சின்ன மேடு. பெயர்ப் பலகை இல்லை. இறந்தவரின் பெயரை அவர்கள் சொல்வதில்லை. சின்னவன் என்றுதான் டொரீனும் சொன்னாள்.

அந்த இடத்தில் பெட்டியை வைக்கும்படி அம்மா கையைக் காட்டினார். டானியல் முழந்தாளில் இருந்து குழலை நீட்டினான். என் வயிற்றுக்கு நேரே நீட்டியபோது நின்றது போலவே இப்போதும் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ‘டிக்.’ கடல் காற்று. பிறகு இன்னொரு ‘டிக்.’

டானியலின் முகம் தெளிந்தது. மண்ணில் ஒன்றுமில்லை, சாதாரணம்தான், நல்லது என்றான். அந்தப் பிள்ளை ஆறுதலாகத்தான் சொன்னான். டொரீன் அதை அம்மாவுக்குச் சொன்னாள்.

அம்மா என் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே டானியலைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அவர் சொன்னதை டொரீன் எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

“இப்ப பெட்டியோட வந்து நல்லது எண்டு சொல்லுறியள். அவன் காய்ச்சலோட கிடக்கேக்க ஒருத்தரும் வரேல்லை.”

டானியல் பெட்டியை நிறுத்தினான். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். என் பிள்ளைக்காக ஒரு வீடு நிறைய ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்களே.

அம்மா மகளை என்னிடம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பால் நேரம் வந்து அவளாக அழும்வரைக்கும், அந்தக் கிழவியின் தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.